ஏரிச்சேறும் ஒரு முட்டையும்

செப்டம்பர் 12, வியாழன்

இந்த நோட்டு சீசாவுக்காக. முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கே மறந்துபோகும். மின்வாரிய அலுவலகத்தில் இவருக்குக் கொடுத்த டைரி, ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது.

அக்டோபர் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. 'பிரபஞ்சத்தின் தோற்றமும் உயிரின் தோற்றமும்' என்ற தலைப்பைப் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் தலைமை ஆசிரியை என் பெயரைப் போட்டுவிட்டார். தாவரவியல் எடுக்கிறவளிடம் பிரபஞ்சம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டேன். "பிசிக்ஸ் சாருக்கு இடுப்பு வலி" என்றார்.

உயிரின் தோற்றத்துக்கு ஒரு சீசா வைக்கலாம் என்று இருக்கிறேன். கல்லூரியில் செய்து பார்த்தது. ஏரிச்சேற்றைச் சீசாவில் அடைத்து வெளிச்சத்தில் வைத்தால், ஐந்தாறு வாரத்தில் அதிலுள்ள நுண்ணுயிரிகள் தங்களுக்குப் பிடித்த ஆழத்தில் தங்கி, அடுக்கடுக்காக நிறம் காட்டும். பூமியில் ஆக்சிஜன் வருவதற்கு முன்னால் வாழ்ந்தவற்றின் வாரிசுகள் அடியில், பின்னால் வந்தவை மேலே. தினமும் பார்த்துத் தேதி போட்டு எழுத வேண்டும்.

மாலை லேடி டாக்டரிடம் போனேன். இரும்புச் சத்து மாத்திரைக்காகத்தான். மாத்திரையை எழுதிவிட்டு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று படுக்கச் சொன்னார். இடது மார்பில் ஒரு தடிப்பு. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்றார். இல்லை என்றேன். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். காலாண்டுத் தேர்வு முடியட்டும் டாக்டர் என்றேன்.

"தேர்வு உங்களுக்கா, பிள்ளைங்களுக்கா?" என்றார்.

இது சீசா நோட்டு. இதை இங்கே எழுதியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 14, சனி

காலையில் இவருடைய வண்டியில் ஏரிக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிச் சேறு அள்ளினேன்.

"ஏரியில மீன் புடிக்கிறவங்கள பாத்திருக்கேன். சேறு புடிக்கிற டீச்சரம்மாவ இப்பதான் பாக்கறேன்" என்று கரையில் நின்றபடி சொன்னார். வாளியைத் தூக்கப் போனவளை ஒதுங்கச் சொல்லி அவரே தூக்கினார். அவருக்கு எதுவும் தெரியாது. வாளி கனம், அவ்வளவுதான்.

செய்முறை: கல், குச்சி பொறுக்கிய சேறு. கிழித்த செய்தித்தாள் இரண்டு கை. சாக்பீஸ் தூள். ஒரு முட்டையின் மஞ்சள் கரு, கந்தகத்துக்காக. எல்லாவற்றையும் பிசைந்து, வாய் அகன்ற உயரமான சீசாவில் முக்கால் அளவுக்கு அடைத்து, மேலே ஏரித்தண்ணீர். வாயைப் பாலித்தீன் தாளால் மூடியிருக்கிறது. ஆட்டக்கூடாது, திறக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை புரட்டாசி பிறக்கிறது. முட்டை வேலையை அதற்குள் முடித்ததில் நிம்மதி.

வைத்த இடம்: சமையலறை ஜன்னல். நிறம்: சேற்று நிறம்.

செப்டம்பர் 16, திங்கள்

மாற்றமில்லை.

ரவிக்கை மூன்றைத் தையல்காரரிடம் கொடுத்தேன். இடது பக்கம் மட்டும் ஒரு விரல் பிரித்துவிடச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் பிரிச்சாதானே மேடம் சரியா இருக்கும்" என்றார். இடது பக்கம் போதும் என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி ஒன்று. வீடு கழுவி, கறிச்சட்டியைப் பரணில் ஏற்றியாயிற்று. மிச்சமிருந்த ஏழு முட்டையைப் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் கொடுத்தேன். "வருஷா வருஷம் உங்க பெருமாள் எனக்குத்தான் முட்டை குடுக்கறாரு" என்று வாங்கிக்கொண்டார்.

சீசா: அடியில் லேசாகக் கறுப்பு.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று வகுப்பில் உயிரின் தோற்றம். இருபது வருடமாக எடுக்கிற பாடம். சூடான கடல், மின்னல், வாயுக்கள், அவற்றிலிருந்து அமினோ அமிலம், அதிலிருந்து... இந்த 'அதிலிருந்து' என்ற இடத்தில் எப்போதும் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவேன். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. இன்று ஏனோ வேகமாகப் போக முடியவில்லை. கரும்பலகையில் ஒரு பக்கம் 'உயிரற்றது', இன்னொரு பக்கம் 'உயிர்' என்று எழுதி நடுவில் கோடு போடப் போனேன். கோட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சாக்பீஸோடு நின்றேன். பிள்ளைகள் நான் கேள்வி கேட்கப்போகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரவு சாப்பிடும்போது இதை இவரிடம் சொன்னேன். தோசையைப் பிட்டபடி யோசித்தார்.

"மொத செல்லுன்னு ஒண்ணு இருந்துச்சில்ல. அது எப்ப செத்துச்சி?"

"அது ரெண்டா பிரிஞ்சிடுச்சி."

"சரி, அப்ப பழசு எது, புதுசு எது?"

"ரெண்டும் அதுதான்."

"அப்ப அது சாவலியே. நீ சொல்றதப் பாத்தா இன்னும் பிரிஞ்சிக்கிட்டேதான் இருக்கு" என்றவர், "இன்னொரு தோசை போடு" என்றார்.

இவர் ஐ.டி.ஐ. படித்தவர். நான் எம்.எஸ்சி. அந்தக் கேள்வி எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. துளசி மாலை வாங்கிப் போட்டதோடு சரி. பெரிய தளிகைப் படையல் மூன்றாம் சனிக்கிழமை.

சீசா: கீழ்ப்பாதி கறுப்பு. பாலித்தீன் வழியாக நாற்றம் வருகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பிரபஞ்சத்தின் வயதை எப்படிக் காட்டுவது என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். மாடியில் துணி உலர்த்தும்போது பதில் கிடைத்தது. எங்கள் மாடியும் பிலோமினா அக்கா மாடியும் ஒட்டினாற்போல இருக்கும். அவர் வீட்டுத் தூணிலிருந்து எங்கள் தூண் வரைக்கும் ஒரே கொடி. அளந்தேன். பதினான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிரபஞ்சத்துக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வயது. நூறு கோடி ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் கச்சிதமாக இருக்கிறது.

அவர் வீட்டுத் தூண் பெருவெடிப்பு. எங்கள் தூண் இன்று. கிளிப் மாட்டினேன். பூமி, எங்கள் தூணிலிருந்து நாலரை மீட்டர் தள்ளி. உயிர், மூன்றரை நாலு மீட்டருக்குள் எங்கேயோ. அதற்கப்புறம் மூன்று மீட்டருக்கு மாட்ட ஒன்றுமேயில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்கள் இரண்டாகி, நாலாகி, எட்டாகிக்கொண்டே இருக்கின்றன. வேறு வேலையே கிடையாது. கடைசி அரை மீட்டரில்தான் மீன், பல்லி, மரம் எல்லாம். மனிதர்கள் தூணை ஒட்டின நூலில். என் நாற்பத்தாறு வயதுக்கு எந்தக் கிளிப்பும் பிடிக்காது.

அந்த மூன்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரப் போர்வை கையில் கனத்தது. வலது கையாலேயே மேலே வீசிப் போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம் நடந்துகொண்டே இருந்தேன். பேச ஆள் இல்லையென்றால் மனம் அதன் போக்கில் போகிறது.

உயிர் ஒரு நாள் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் இல்லை, அன்று இருக்கிறது. இதுவும் அப்படித்தான். ஒரு செல். அது இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று ஒரு நாள் முடிவு செய்திருக்கிறது. அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சோறு வடித்துக்கொண்டிருந்தேனா? மகன் தருணைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேனா? ஒரு சத்தம்கூடக் கேட்டிருக்காது.

தெரியாது. சாதாரணத் தடிப்பாகவும் இருக்கலாம். பத்தில் எட்டு அப்படித்தான் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை முடிகிறது. ஆனால் புரட்டாசி நடுவில் ஊசி, ரத்தம் என்று வேண்டாம். புரட்டாசி முடியட்டும்.

சீசா: கறுப்பு. கறுப்பு மட்டும்தான்.

செப்டம்பர் 28, சனி

இரண்டாம் சனி. என் நாத்தனார் புஷ்பவல்லி ஆரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இவருடைய அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் பிறந்த வீட்டுப் பெருமாளுக்குத் தன் கையால் ஏதாவது செய்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். "எலி கிலி செத்துக் கெடக்குதா?"

அரிசிப் பீப்பாயை நகர்த்தினார். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கடைசியில் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்.

"என்னாடி இது?"

"சேறு அக்கா. ஸ்கூலுக்கு."

"சேறு இப்படி நாறாதே. எங்க மாட்டுக்கொட்டாவே இப்படி நாறாது."

இவர் கூடத்திலிருந்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், உதவி செய்கிற நினைப்பில் சொன்னார்: "அதுல முட்ட போட்டிருக்கு இல்ல, அதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு முட்டையைக் கணக்காக எடுத்துக் கொடுத்தேன். எட்டாவது முட்டை அடுப்புக்குப் பக்கத்திலேயே இரண்டு வாரமாக அழுகிக்கொண்டிருக்கிறது. அது முட்டை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கந்தகம் என்றுதான் மனதில் இருந்தது.

"பெருமாளுக்குப் பொங்கல் வெக்கிற அடுப்பு. நாலடி தள்ளி அழுவுன முட்ட. நல்லா இருக்குதுடி நீ கும்புடறது."

"அது இப்ப முட்டை இல்லக்கா. உள்ள இருக்கற நுண்ணுயிரிங்க அதைத் தின்னு கரைச்சிருக்கும்."

"தின்னுதா? அப்ப உள்ள உசுரு இருக்குதா?"

"கோடிக்கணக்கா."

அக்கா சீசாவைப் பார்த்தார். கொட்டிவிடத்தான் கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "கொட்டுனா கோடி உசுரக் கொன்ன பாவம். வெச்சிருந்தா முட்ட. நல்ல சங்கடத்துல கொண்டாந்து வுட்டுட்ட."

பிலோமினா அக்காதான் தீர்த்து வைத்தார். "எங்க வீட்ல புரட்டாசி இல்ல, குடுங்க" என்று சுவருக்கு மேல் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் வைத்திருக்கிறார். ஆட்ட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன்.

செப்டம்பர் 30, திங்கள்

காலாண்டு விடுமுறை. பிலோமினா அக்கா போனில்: "அப்படியேதாம்மா இருக்கு. கறுப்பு. அந்த ரூமுக்குள்ள இப்ப யாரும் போறதில்ல."

ரவிக்கைகள் வந்தன. இடது பக்கம் பழைய தையலின் தடம் கோடாகத் தெரிகிறது. புடவைத் தலைப்பில் மறைந்துவிடும்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. இவர் தன் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தார். என் அம்மாவுக்குத் திருவண்ணாமலையில் தம்பி கொடுத்திருப்பான். காக்கைக்கு வைத்தேன்.

அம்மாவுக்கு வந்தது மாரடைப்பு. என் கல்யாணப் பேச்சில் அப்பா அப்படித்தான் சொன்னார். 'திடீர்னு நெஞ்சு வலி, ஒரு ராத்திரியில போயிட்டா.' இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் அப்படித்தான். இவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சு என்பது பொய்யில்லை, அதனால் ஒரு தடவைகூடக் குரல் தடுமாறாமல் என்னால் சொல்ல முடிந்திருக்கிறது.

அம்மா தீபாவளி போகட்டும் என்றாள். பிறகு பொங்கல் போகட்டும் என்றாள்.

அது வேறு. அந்தக் காலம் வேறு.

அக்டோபர் 3, வியாழன்

சீசாவைப் போய்ப் பார்த்தேன். கறுப்பு. எங்கேயாவது தப்பு செய்துவிட்டேனா? எல்லாமே செத்துப்போன சேற்றை வைத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போக முடியாது.

அக்டோபர் 5, சனி

மூன்றாம் சனி. தளிகை. நிறைய எழுத இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

விடியற்காலையில் அக்காவும் நானும் நாமம் போட்ட சொம்போடு ஐந்து வீட்டுக்குப் போய் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கினோம். அந்த அரிசியில்தான் தளிகைச் சோறு. எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும், வாய்க்குள்ளேயே சொல்வேன். அக்கா தெருவே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். புளியோதரை, தயிர்சாதம், பொங்கல், வடை, சுண்டல். மாவிளக்கு ஏற்றிப் படைத்துச் சாப்பிட்டு முடிக்க மதியம் இரண்டு ஆகிவிட்டது.

அப்புறம் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார். காற்று வாங்க என்றார்.

"இதென்னாடி, கிளிப்பெல்லாம் ஒரே பக்கமாக் கெடக்குது?"

கொடியைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தூணில் எல்லாம் ஆரம்பித்தது, இந்தத் தூண் இன்று, நடுவில் பூமி, உயிர்.

"அப்ப ஆரம்பிச்சது பிலோமினா வீட்டுலயா?"

"இல்லக்கா. ஒரு இடத்துல ஆரம்பிக்கல. எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சது. அன்னைக்கி இருந்த இடம் மொத்தமே அவ்வளவுதான்."

"புரியல."

"எனக்கும் புரியலக்கா. பிள்ளைங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தரேன்."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நான் துணி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி ஒன்று, துண்டு இரண்டு.

"உன் எடது கை எங்க?"

"இதோ இருக்கே."

"மேல தூக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கி வாளியத் தூக்க வுடாம பாலுதான் தூக்குனானாம், பெருமையாச் சொன்னான். இன்னைக்கி வட சுடும்போது பாத்தேன், சட்டிய இழுக்கறதுகூட வலது கைதான். ரவிக்கைய இந்தப் பக்கம் மட்டும் பிரிச்சித் தெச்சிருக்க. எவ்வளவு பெருசுடி?"

அந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. எலுமிச்சம்பழம் என்று சொல்ல வாய் வரவில்லை. கையால் காட்டினேன்.

"எத்தன நாளா?"

"ஆடியிலிருந்து."

டாக்டரிடம் தெரியாது என்று சொன்னேன். ஆடி பதினெட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று. எனக்குத் தெரியும்.

"புரட்டாசி முடியட்டும்னு இருந்தேன் அக்கா."

"புரட்டாசி மேல பழி போடாத. புரட்டாசியில கறிதான் திங்கக்கூடாது. டாக்டரப் பாக்கக்கூடாதுன்னு எந்தப் பெருமாளு சொன்னாரு?" என்று சொல்லி மூச்சு வாங்கினார். "உங்கம்மா தீபாவளி தீபாவளின்னு தள்ளிப்போட்ட மாதிரி நீயும் ஆரம்பிக்காத."

கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அம்மாவின் தீபாவளியைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படிக்கா..."

"பொண்ணு பாக்க வந்தமே, அன்னைக்கே உங்க எதிர் வூட்டு அம்மா சொல்லிட்டாங்க. மார்புல புத்து, தீபாவளி போவட்டும்னு தள்ளிப்போட்டு முத்திப்போயிதான் காட்டுனாங்கன்னு. எங்கம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. நான்தான் சொன்னேன், பொண்ணு தெளிவா இருக்குது, வந்தா பாத்துக்கலாம்னு."

"எங்கப்பா ஹார்ட் அட்டாக்னு சொன்னாரே."

"பொண்ணப் பெத்தவரு, அப்படித்தான் சொல்வாரு. நாங்களும் சரின்னு கேட்டுக்கிட்டோம். நீ அதையே இத்தன வருஷமா தூக்கிக்கிட்டுத் திரியறியா?"

துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். அது போய் பூமிக்கும் உயிருக்கும் நடுவில் விழுந்தது.

"திங்கக்கிழம போறோம். பாலு கிட்ட நான் சொல்றேன்."

கீழே போய் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இவர் ரொம்ப நேரம் மாடிக்கு வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. பக்கத்தில் வந்து நின்று, "வாளி கனமா இருந்துச்சின்னுதான் தூக்குனேன்" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன், ஊசி. ஊசி ஸ்டேப்ளர் மாதிரிச் சத்தம் போடுகிறது. வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க அம்மாவுக்கு" என்றேன். "நாப்பத்தெட்டு வயசுல."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

சீசா பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வந்தது. புற்றுதான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் பாடப் புத்தகங்கள், இவருடைய கட்டிங் பிளேயர், டெஸ்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இந்த டைரியையும் சேர்த்து வைத்தேன். வைத்தால் எழுதக்கூடாது. எடுத்து எழுதிவிட்டு மறுபடி வைக்கிறேன்.

குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வியாக இருந்தது. பதில் வந்த பிறகு ஏன் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது?

நானாக யோசித்து வைத்திருப்பது இது. அந்த மூன்று மீட்டர் முழுக்க, பிரிவதைத் தவிர செல்லுக்கு வேறு ஒன்றும் தெரியாது. பிறகு கோடிக்கணக்கான செல்கள் ஒன்றாகச் சேர்ந்து இருப்பதற்கு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நீ தோலாக இரு, நான் எலும்பாக இருக்கிறேன், போதும் என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும். என்னுள் ஒன்று அந்த உடன்பாட்டை மறந்து, பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு என்மேல் எந்த விரோதமும் இல்லை. நான் என்று ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது.

இது ஆறுதலா, பயமா என்று தெரியவில்லை. வகுப்பில் சொல்ல நல்லா இருக்கும்.

அக்டோபர் 12, சனி

நாலாம் சனி. விஜயதசமியும் கூட. அக்கா இந்த வாரம் ஊருக்கே போகவில்லை, இங்கேயே இருக்கிறார்.

அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற வேண்டும், தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லுங்கள் என்று உணவு ஆலோசகர் வியாழனன்றே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. இன்னும் நாலு நாளில் புரட்டாசி முடிகிறது.

காலையில் அக்கா நெற்றியில் திருமண்ணோடு, கையில் துளசிக் கூடையோடு கடைக்குப் போனார். வரும்போது கூடையில் துளசிக்கு அடியில் ஆறு முட்டை.

"கடக்காரன் என்ன மேலயும் கீழயும் பாக்கறான். 'அம்மா, இன்னிக்கி சனிக்கெழம'ன்றான். தெரியும்டா, எனக்கா கெழம சொல்லித்தர, எடுத்துப் போடுன்னேன்."

அடுப்பில் வைக்கவில்லை. அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் காய வைக்கும் மின்சாரக் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்து அவித்தார். இவர் வயர் இழுத்துக் கொடுத்தார். இரண்டு முட்டையைத் தோல் உரித்து, மிளகுத்தூள் தூவி, வாழை இலைத் துண்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

"படையல் இன்னும் ஆகலையே அக்கா."

"தெரியும். நீ சாப்புடு."

"பெருமாளுக்கு முன்னாடி நானா?"

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீ சாப்புடு, ஆறிடும்."

நான் சாப்பிடும்வரை அங்கேயே நின்றார். எத்தனை நாளுக்கப்புறம் முட்டை, வாசனையே குமட்டியது. இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டேன். அதையும் தின்ன வைத்தார். பிறகு கை கால் கழுவி, திரும்பத் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு போய்ப் பெருமாள் முன்னால் நின்றார். உதடு அசைந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. சண்டை போட்ட மாதிரி இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று நேற்று எடுத்த ஸ்கேன். முடிவு இன்று. டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், எங்கே ஆரம்பித்தது என்று கேட்ட பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் என்று பதில் சொன்னது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

"ஒரே இடத்துலதான் இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "ஒரே எடம்னா நல்லதுதான?"

"நல்லதுதான் அக்கா."

21ஆம் தேதி திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. தருணுக்குப் போன் செய்து சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வந்துடறேம்மா" என்றான்.

அக்டோபர் 19, சனி

ஐப்பசி பிறந்து மூன்று நாளாகிவிட்டது. பிலோமினா அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "ஹேமா, உன் சீசாவுக்கு என்னமோ ஆயிருக்கு. வந்து பாரு."

பார்த்தேன். கறுப்புக்கு மேலே, கண்ணாடியை ஒட்டி, வெளிச்சம் படுகிற பக்கம் ஊதா நிறத்தில் ஒரு பட்டை. கத்திரிக்காயை நறுக்கினால் தோலோரம் தெரியுமே, அந்த ஊதா. அதற்கு மேலே பச்சை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். அங்கேயே இருந்திருந்தால் இந்த வெளிச்சம் கிடைத்திருக்காது. அது சாகவே இல்லை, அங்கே போதிய வெளிச்சம் இல்லாமல் இருந்திருக்கிறது.

இவர் சீசாவைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கி வந்தார். நம் வீட்டுக் கூடத்து ஜன்னலில் வைத்தோம். அக்கா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த ஊதாதான் மொதல்ல வந்ததா?"

"இது மாதிரி ஒண்ணு. பூமியில காத்து வர்றதுக்கு முன்னாடி. இதுங்களுக்கு நம்ம மூச்சுக் காத்து விஷம்."

"அப்ப நாம கிட்ட போய் மூச்சு வுடக்கூடாதா?" என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அந்த ஒரு முட்டைய வெச்சா இத்தன நாளு பொழைச்சுதுங்க?"

கண்காட்சி 25ஆம் தேதி. நான் இருக்கமாட்டேன். பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். கொடி விஷயத்தைக் கயிறும் கிளிப்புமாக அவர்களே செய்துவிட்டார்கள். அதுவரை தினக்குறிப்பு விடுபடக்கூடாது என்று அக்காவிடம் டைரியைக் காட்டினேன். தேதி, நிறம், எவ்வளவு உயரம், அவ்வளவு போதும் என்றேன்.

"எட்டாங்கிளாசு படிச்சவ எழுதுனா உங்க சயின்ஸ் ஒத்துக்குமா?"

"பாத்ததை எழுதினா போதும் அக்கா."

முன்பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பிறகு சொல்லவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

புஷ்பவல்லி எழுதுவது. ஹேமா சொன்னதால் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பாலுவும் தருணும் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. ஒன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். நாலு மணிக்குத்தான் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்து "சீசா பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேன், ஊதா மேல ஏறியிருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அவசரத்தில் பார்க்கவே இல்லை. சொன்னது பொய்யாகிவிடக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் போய்ப் பார்த்தேன்.

ஊதா: ஏறித்தான் இருக்கிறது. ஒரு விரல்.